பேருந்தில் சென்று பேருந்திலேயே திரும்பும் ஒரு நாள் மலையேற்றம்: திட்டமிடும் முறை

சொந்த வண்டி இல்லாமல் அதிகாலையில் பேருந்தேறி, ஒரு மலையை ஏறி இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது தமிழ்நாட்டில் யாருக்கும் கைகூடக்கூடிய காரியம்தான். புதியவர்கள் பலரை அழைத்துச் சென்றும், தாமாகச் சென்று திண்டாடியவர்களின் அனுபவத்தைக் கேட்டும் நான் கண்ட ஒன்று உண்டு. அவர்களுக்கு நேர்ந்த சிக்கல்களில் பெரும்பாலானவை மலையில் நேர்ந்தவை அல்ல; திரும்பும் பேருந்தைக் கடைசியாக யோசித்ததால் நேர்ந்தவை. ஆகவே இந்த வழிகாட்டியில் திட்டம் திரும்பும் பேருந்திலிருந்து தொடங்குகிறது. மலைக்குக் கிடைப்பது அதற்கு முன்னால் மிஞ்சும் நேரமே.

சென்னையிலிருந்து செஞ்சிக் கோட்டைக்குச் சென்று திரும்புவதை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பேருந்து வசதி நிறைந்தது, அனுமதிச் சிக்கல் இல்லாதது, ஏற்றமும் முதல் முறைக்கு அளவானது என்பதால் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான மலை வடதமிழ்நாட்டில் குறைவு.

1. அனுமதி யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

மலையின் அழகைப் பார்த்து இடத்தை முடிவு செய்துவிட்டுப் பிறகு அனுமதியை விசாரிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கைப்பேசியில் பார்த்த ஒரு காணொளியை நம்பி நான்கு மணி நேரம் பயணம் செய்து, வனத்துறைச் சோதனைச் சாவடியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் இடத்தைத் தேர்வதற்கு முன் அது எந்த வகை மலை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

செஞ்சி, திண்டுக்கல், நாமக்கல் போன்ற கோட்டை மலைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளவை. திறந்திருக்கும் நேரத்தில் வாயிலுக்குச் சென்றால் உள்ளே போகலாம், வழிகாட்டி கட்டாயமில்லை. முதல் மலையேற்றத்துக்கு இந்த வகையையே நான் சொல்வேன்.

பர்வதமலை, சதுரகிரி, வெள்ளியங்கிரி போன்ற கோயில் மலைகளில் பாதை காட்டுக்குள் செல்வதால், எந்த நாட்களில் ஏறலாம் என்பதைக் கோயில் வழக்கமும் வனத்துறைக் கட்டுப்பாடும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏற்றம் வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரை மட்டுமே. பர்வதமலையும் வெள்ளியங்கிரியும் கடினமான ஏற்றங்கள் என்பதால், இரண்டு மூன்று சிறு மலைகளைப் பழகிய பிறகு அவற்றுக்குப் போவதே நல்லது.

மூன்றாவது வகை காப்புக்காட்டுப் பாதைகள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக்கு மேலே மலையேறிகள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, இந்தப் பாதைகளில் அனுமதியின்றி நடப்பது கண்டிப்பாகத் தடுக்கப்படுகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு செல்லலாம். ஆனால் அவற்றில் பல பாதைகளின் தொடக்க இடத்துக்குக் காலையில் பேருந்து சென்றுசேராது. பதிவு செய்வதற்கு முன் கூடும் நேரத்தையும் முதல் பேருந்து வந்துசேரும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

2. நாளைத் தேர்வதில் பஞ்சாங்கத்தையும் பாருங்கள்

வட மாவட்டங்களின் பாறை மலைகளுக்கு டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரையே உகந்த காலம். வடகிழக்குப் பருவமழையில் படிகள் வழுக்கும், இடிமின்னல் வேறு உண்டு. மார்ச் நடுவிலிருந்து பாறை காலை பத்து மணிக்கே சுடத் தொடங்கிவிடும். இந்த அளவுக்கு எல்லோரும் யோசிக்கிறார்கள்.

யோசிக்காமல் விடுவது பேருந்துக் கூட்டத்தை. செஞ்சி, திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கிறது. பௌர்ணமியன்று சென்னைப் பக்கத்திலிருந்து திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குச் செல்லும் கூட்டத்தில் பெரும்பகுதி இந்தச் சாலையில்தான் போகிறது. சென்னையிலேயே நிரம்பிவிட்ட பேருந்தில் செஞ்சிக்கு மட்டும் என்று ஏறுவது கடினம், திரும்பும்போது செஞ்சியில் ஏறுவது அதைவிடக் கடினம். சரி, பௌர்ணமியை விட்டு அமாவாசையன்று போகலாம் என்றால், செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அன்றுதான் பெருங்கூட்டம் வரும். ஆக இந்த மலைக்கு இரண்டு நாட்களையும் தவிர்த்துவிட வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் வேறு எந்த மலையாக இருந்தாலும், அந்தச் சாலையில் எந்தக் கோயிலுக்கு எந்த நாளில் கூட்டம் போகும் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

முகூர்த்த நாட்களும் அப்படியே. கிராமத்துப் பேருந்துகளில் நிற்கவும் இடமிருக்காது. பொங்கல், தீபாவளி விடுமுறையின் கடைசி நாளில் சென்னை நோக்கித் திரும்பும்படி திட்டமிடவே கூடாது. வேலைநாளில் விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்குச் செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் மிக வசதியானவை. சனிக்கிழமை ஞாயிற்றுக்கிழமையைவிட மேலானது. ஞாயிறு மாலை சென்னைக்குள் நுழையும் நெரிசல் பயணத்தை எளிதாக ஒரு மணி நேரம் நீட்டிவிடும்.

3. திரும்பும் பேருந்தை முதலில் உறுதி செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் கவனமாகச் செய்வதென்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

செஞ்சியைப் போல முக்கியச் சாலையில் இருக்கும் ஊருக்கும், சாலை முடியும் இடத்தில் இருக்கும் மலைக் கிராமத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் திண்டிவனத்துக்கும் பகல் முழுவதும் பேருந்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றை விட்டால் அடுத்தது வரும். மலைக் கிராமத்துக்கோ ஒரு நாளைக்கு நான்கு நடை, ஐந்து நடை என்றுதான் கணக்கு. கடைசி நடையை விட்டால் மறுநாள் காலை வரை வேறு வழியில்லை.

இணையத்திலும் செயலிகளிலும் வெளியூர் விரைவுப் பேருந்துகளின் நேரம் கிடைக்கும். டவுன் பஸ், மினி பஸ் நேரங்கள் பெரும்பாலும் கிடைக்காது, கிடைத்தாலும் பழையதாக இருக்கும். நம்பத்தக்க இடம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர் அமர்ந்திருக்கும் சிறு அறைதான். ஒவ்வொரு வண்டியும் வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் குறித்துக்கொள்பவர் அவர். எந்த நடை ஒழுங்காக ஓடுகிறது, எது பெயருக்கு மட்டும் பட்டியலில் இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். முடிந்தால் ஒரு வாரம் முன்பே நேரில் கேட்கலாம். முடியாவிட்டால் செல்லும் நாளன்று காலை, மலைக்குக் கிளம்பும் முன் கேட்டுவிட வேண்டும்.

கேட்கும் விதம் முக்கியம். “சாயங்காலம் பஸ் இருக்கிறதா?” என்று கேட்டால் “இருக்கிறது” என்றுதான் பதில் வரும். நான்கு தனிக் கேள்விகளாகக் கேளுங்கள்: கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? அதற்கு முந்தியது எத்தனை மணிக்கு? இன்றைக்கு, இந்தக் கிழமையில், இரண்டும் ஓடுமா? அவை எங்கே நின்று ஆள் ஏற்றும்?

மூன்றாவது கேள்வியை நான் ஒருமுறை கேட்காமல் விட்டேன். ஒரு மலைக் கிராமத்தின் கடைசி நிறுத்தத்தில் ஆறு பேராக ஆறேகால் மணிப் பேருந்துக்குக் காத்திருந்தோம். இருட்டிக்கொண்டு வந்தது. தேநீர்க் கடைக்காரர் பாய்லரை அணைத்து, பெஞ்சுகளை உள்ளே இழுத்துப் போட்டபோதுதான் எங்களைப் பார்த்து, “ஞாயிற்றுக்கிழமையில் அந்த நடை கிடையாதே” என்றார். அது பள்ளிப் பிள்ளைகளுக்காகவும் அலுவலகம் செல்பவர்களுக்காகவும் விடப்பட்ட நடை. கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிய ஒரு வேனில், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அடிவாரம் வந்துசேர்ந்தோம். அந்த வேன் வராமல் போயிருந்தால் இரவை எங்கே கழித்திருப்போம் என்று எனக்குத் தெரியாது.

இன்னொரு பொறி ‘நைட் ஹால்ட்’ வண்டி. இரவு எட்டு மணிக்கு மலைக் கிராமத்துக்கு ஒரு பேருந்து உண்டு என்று பட்டியலில் பார்த்துவிட்டு, அது திரும்பி இறங்கும்போது ஏறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் பலர். அந்த வண்டி கிராமத்திலேயே இரவு தங்கி மறுநாள் அதிகாலையில்தான் கீழே வரும். மேலே செல்லும் கடைசிப் பேருந்தும் கீழே வரும் கடைசிப் பேருந்தும் வேறு வேறு என்பதை மறக்கக் கூடாது.

நேரம் தெரிந்ததும் ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்துக்கு முந்திய பேருந்தே உங்களுடைய பேருந்து. கடைசிப் பேருந்து, கணக்குத் தவறினால் காப்பாற்றுவதற்காக மட்டும்.

4. அங்கிருந்து பின்னோக்கி நேரத்தைக் கணக்கிடுங்கள்

மலையில் நடக்க ஆகும் நேரத்துக்கு நெய்ஸ்மித் விதி என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. தூரத்தில் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், உயரத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம் என்று கூட்ட வேண்டும். குளிர்நாடான ஸ்காட்லாந்தில் உருவான கணக்கு அது. நம் வெயிலுக்கும் உயரமான கருங்கல் படிகளுக்கும் அப்படியே பொருந்தாது. விடையை இரண்டால் பெருக்கிக்கொண்டால் புதியவர்களுக்குச் சரியாக இருக்கும்.

செஞ்சிக் கோட்டையின் மலைகளில் மிக உயரமான ராஜகிரி ஏறத்தாழ 240 மீட்டர் உயரம். உயரத்துக்கு 24 நிமிடம், வாயிலிலிருந்து வளைந்து செல்லும் பாதையை இரண்டு கிலோமீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டால் அதற்கும் 24 நிமிடம், மொத்தம் 48. இரண்டால் பெருக்கினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். நான் அழைத்துச் சென்ற குழுக்கள் ஏற எடுத்துக்கொண்ட நேரமும் பெரும்பாலும் இதுதான்.

இனி ஒரு நாளை இப்படி அமைக்கலாம். சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்லும் பேருந்துகள் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து புறப்படுகின்றன. செஞ்சிக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஐந்து மணிக்குள் கிளாம்பாக்கத்தில் ஏறினால் எட்டு மணி அளவில் செஞ்சியில் இறங்கி, பேருந்து நிலையத்தருகே இட்லி சாப்பிட்டு, ஒன்பது மணிக்குக் கோட்டை வாயிலில் நிற்கலாம். பத்தே முக்காலுக்குள் உச்சி. பதினொன்றரைக்கு இறங்கத் தொடங்கினால் பன்னிரண்டரைக்கு அடிவாரம். கல்யாண மகால், களஞ்சியங்கள் ஆகியவற்றின் நிழலில் ஒன்றரை மணி நேரம் கழித்து, மூன்று மணிக்குப் பேருந்து நிலையம் திரும்பினால் ஏழு மணிக்குள் கிளாம்பாக்கம் வந்துவிடலாம். இதில் எந்தக் கட்டத்திலும் ஒரு மணி நேரம் தவறினாலும் இருட்டுவதற்குள் பேருந்தில் இருப்பீர்கள் என்பதே இந்த அமைப்பின் பலம்.

எழும்பூரிலிருந்து ரயிலில் திண்டிவனம் சென்று, அங்கிருந்து செஞ்சிப் பேருந்தைப் பிடிப்பதும் ஒரு வழி. ரயில் பயணம் வசதியானது, செலவும் குறைவு. ஆனால் நிலையத்திலிருந்து பேருந்து நிற்கும் இடத்துக்கு மாற வேண்டியிருப்பதால் ஒரு இணைப்பு கூடுகிறது. வழியில் வண்டி மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் அரை மணி நேரம் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒரு வழிக்கு இரண்டு மாற்றங்களுக்கு மேல் தேவைப்படும் மலையை ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே ஒரு இரவு தங்குவதே நல்லது.

சூரியன் மறையும் நேரத்தையும் இந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் வட தமிழ்நாட்டில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூலையில் ஆறரைக்கு மேல் ஆகும். கோடையில் போன நண்பர் சொன்ன நேரத்தை டிசம்பரில் நம்பினால் கடைசி அரை மணி நேரம் இருட்டில் நடக்க நேரிடும்.

5. பையை மடியில் வைக்கக்கூடிய அளவில் கட்டுங்கள்

கூட்டமான பேருந்தில் முதுகில் பெரிய பையோடு ஏறுபவர் தாமும் துன்பப்பட்டு மற்றவர்களையும் துன்பப்படுத்துகிறார். ஒரு நாளுக்கு வேண்டியவை அனைத்தும் மடியில் அடங்கும் பையில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் எதையோ கூடுதலாக எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

குறைக்கக் கூடாதது தண்ணீர் ஒன்றுதான். ராஜகிரியில் ஏற்றம் தொடங்கிய பிறகு கடை கிடையாது, குடிக்கத்தக்க தண்ணீரை மேலே எதிர்பார்க்கவும் கூடாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தேவை. அரை லிட்டர் பாட்டிலோடு வந்தவரை நடுவழியில் நிழலில் உட்கார வைத்து, மற்றவர்களின் தண்ணீரைப் பகிர்ந்து கொடுத்து, எல்லோருமாக உச்சியைப் பார்க்காமல் இறங்கிய நாள் ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. வீட்டிலிருந்தே எஃகுக் குடுவைகளில் நிரப்பிக்கொள்வது நல்லது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும்போது ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் இந்தப் பழக்கம் அங்கும் உதவும்.

செஞ்சியில் குரங்குகள் மிகுதி. கையில் தொங்கும் பிளாஸ்டிக் பை என்றால் உள்ளே தின்பண்டம் இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும். ஜிப்புப் போட்ட துணிப்பைக்குள், வாசனை வராத டப்பாவில் உணவை வையுங்கள். படிகளில் உட்கார்ந்து பிரிக்காதீர்கள். புளிசாதமும் சப்பாத்தியும் மதியம் வரை கெடாது. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும்.

மற்றவை சுருக்கமாக: பிடிமானம் உள்ள காலணி, தொப்பி, துண்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்ச்சத்துப் பொடி, பேட்டரி நிறைந்த கைவிளக்கு, கைப்பேசிக்கான மின்சேமிப்பி, வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மருந்துகள். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். டவுன் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் சில்லறைக்காக நின்று வாதாடும் ஐந்து நிமிடத்தில் இணைப்புப் பேருந்து கிளம்பிவிடக்கூடும்.

பேருந்து நேரங்களை ஒரு தாளில் கையால் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். மலைப் பகுதியில் கைப்பேசி இணைப்பை நம்ப முடியாது. அந்தத் தாளின் இன்னொரு படியை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் கவலைப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

6. இறங்கியதும் திரும்பும் இடத்தைப் பார்த்துவிடுங்கள்

காலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் மலையை நோக்கி ஓடுவது இயல்பு. பத்து நிமிடம் பொறுத்து, மாலையில் எந்தப் பக்கம், எந்தக் கடைக்கு எதிரில் பேருந்து நிற்கும் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். நீண்ட வழித்தடப் பேருந்துகள் சில ஊர்களில் நிலையத்துக்குள் வராமல் புறவழிச்சாலையிலேயே சென்றுவிடுவது உண்டு. களைத்துத் திரும்பும் மாலையில் இதை விசாரிக்கத் தோன்றாது, விசாரித்தாலும் நேரமிருக்காது.

செஞ்சிக் கோட்டை, பேருந்து நிலையத்திலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவிலோ, அந்தச் சாலையில் போகும் பேருந்தில் கோட்டைக்குச் சீட்டு வாங்கியோ போகலாம். காலையில் நடந்தே போவதும் இனிமையானதுதான். ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டரை மாலையிலும் நடக்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. ராஜகிரியை முதலில் ஏறுங்கள்

திருவண்ணாமலைச் சாலைக்கு ஒரு புறம் ராஜகிரி, மறுபுறம் கிருஷ்ணகிரி. கிருஷ்ணகிரி சிறியது, சாலையிலிருந்தே எளிதாகத் தெரிகிறது. அதனால் புதியவர்கள் அதை முதலில் ஏறி, காலைக் குளிர்ச்சியை அங்கே செலவழித்துவிட்டு, உச்சி வெயிலில் ராஜகிரியின் படிகளில் நிற்கிறார்கள். உயரமான மலை முதலில், சிறியது பிறகு. பிற்பகலில் ராஜகிரியில் மேலே ஏற விடுவதைக் கோட்டை மூடும் நேரத்துக்கு வெகு முன்பே நிறுத்திவிடுவார்கள் என்பது இதற்கு இன்னொரு காரணம்.

ஏறும் முன் திரும்பும் மணியைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நம் உதாரணத்தில் அது பதினொன்றரை. அந்த நேரத்தில் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் சரி. கீழே இருக்கும்போதே இதை முடிவு செய்வதற்குக் காரணம், மேலே போன பிறகு “இன்னும் கொஞ்சம்தானே” என்ற ஆசைக்கு யாராலும் மறுப்புச் சொல்ல முடியாது என்பதே.

முதல் இருபது நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக ஏறுங்கள். கோட்டைச் சுவரின் வாயில்களைத் தாண்டியதும் படிகள் உயரமாகின்றன. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் முழங்கால் அளவு இடைவெளி வரும் இடங்களும் உண்டு. தொடக்கத்தில் வேகமாக ஏறியவர்கள் கமலக்கண்ணியம்மன் கோயிலை எட்டும்போதே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குழுவில் மிக மெதுவாக நடப்பவர் முன்னால் செல்லட்டும். அவர் பின்னால் வந்தால், மற்றவர்கள் நின்று இளைப்பாறிவிட்டு அவர் வந்துசேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது.

உச்சிக்குச் சற்று முன்னால், மலையிலிருந்து பிளந்து நிற்கும் பாறைக்கும் பாதைக்கும் நடுவே ஆழமான வெடிப்பு ஒன்று வரும். அதன்மேல் பாலம் போட்டிருக்கிறார்கள். அக்காலத்தில் அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கு ஏற வேறு வழியே இருக்காது. காற்று பலமாக வீசும் இடம். பாலத்தின் மேல் நின்று படம் எடுக்க வேண்டாம். ஒவ்வொருவராகக் கடந்து செல்லுங்கள். அதைக் கடந்ததும் ரங்கநாதர் கோயிலும், மணிக்கூண்டும், சுற்றிலும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதிற்சுவரின் முழு வடிவமும் தெரியும். இவ்வளவு தூரம் வந்ததற்கு அந்தக் காட்சி ஒன்றே போதும். நாற்பது நிமிடம் ஆசை தீர உட்காருங்கள்.

இறங்கும்போதுதான் கால் பிசகுகிறது. களைத்த தொடை, தேய்ந்து வழவழப்பான படி, கையில் கைப்பேசி ஆகிய மூன்றும் சேரும் நேரம் அது. உயரமான படிகளில் பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு காலாக இறங்கினால் முழங்காலுக்குப் பாரம் குறையும். அடிவாரம் வந்த பிறகு இன்னும் தெம்பும் நேரமும் இருப்பவர்கள் மட்டும் கிருஷ்ணகிரியைப் பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால் அது அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும்.

8. பேருந்து தவறிவிட்டால்

எவ்வளவு திட்டமிட்டாலும் ஒரு நாள் இது நேரும். முதலில் செய்ய வேண்டியது அதே நிறுத்தத்தில் காத்திராமல், அடுத்த பெரிய சாலைக்கு வந்துசேர்வது. செஞ்சியில் சென்னைப் பேருந்து கிடைக்காவிட்டால் திண்டிவனம் செல்லும் எந்தப் பேருந்திலும் ஏறிவிடுங்கள். தென் மாவட்டங்களிலிருந்து சென்னை செல்லும் பேருந்துகள் திண்டிவனம் வழியாக இரவிலும் ஓடுகின்றன. நேரடிப் பேருந்துதான் வேண்டும் என்று காத்திருப்பவர்களே அதிக நேரம் இழக்கிறார்கள்.

மலைக் கிராமமாக இருந்தால், இருட்டில் சாலையில் நடந்து இறங்க முயலாதீர்கள். வளைவுகளில் வரும் வண்டிகளுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள், காட்டுப் பகுதியில் விலங்குகளும் நடமாடும். கடையிலோ கோயிலிலோ விசாரித்தால் கீழே செல்லும் வண்டியோ தங்க ஓர் இடமோ கிடைத்துவிடும். காயம் என்றால் 108, வேறு அவசரம் என்றால் 112.

9. இரண்டாவது மலைக்குக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்

செஞ்சி பழகியபின் கொல்லிமலைக்குப் போகலாம். சேலத்திலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ கிளம்புகிறவர்களுக்கு மட்டுமே அது ஒரு நாள் பயணம். பேருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதால், வாந்தி வரும் வழக்கம் உள்ளவர்கள் முன்பக்கத்து இருக்கையைப் பிடித்து, வயிற்றைப் பாதியளவு நிரப்பிக்கொண்டு செல்வது நல்லது. ஆடி 17, 18 ஆகிய நாட்களில் அங்கே வல்வில் ஓரி விழாக் கூட்டம் இருக்கும்.

அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். செஞ்சியில் கடினமான பகுதி காலையிலேயே முடிந்துவிடும். இங்கே எளிதான இறக்கம் முதலிலும், கடினமான ஏற்றம் அருவியில் குளித்துக் களைத்து, பேருந்து நேரம் நெருங்கும்போதும் வருகிறது. இறங்க ஆன நேரத்தை வைத்து ஏறும் நேரத்தை மதிப்பிட்டவர்கள், பாதிப் படியில் நிற்கும்போதே மேலே பேருந்து கிளம்பும் சத்தத்தைக் கேட்கிறார்கள். ஆகவே இறங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து, ஏறுவதற்கு அதைப் போல் இரண்டரை மடங்கு ஒதுக்கி, உங்கள் பேருந்துக்கு அரை மணி நேரம் முன்பே கோயில் வாசலுக்கு வந்துசேரும்படி அருவியிலிருந்து கிளம்புங்கள். முக்கால் மணி நேரத்தில் இறங்கியிருந்தால் ஏறுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நான்கு மணிப் பேருந்தென்றால் ஒன்றரை மணிக்குத் தலை துவட்டிக்கொண்டு முதல் படியில் கால் வைத்திருக்க வேண்டும்.